நடுநிலை என்றால் நடுவில் நிற்பதா? ரஷ் லிம்பாவின் விக்கிப்பீடியா பக்கத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

2010 செப்டம்பரில் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா தன் நிகழ்ச்சியில் ஒரு நீதிபதியைப் பற்றி ரசித்துப் பேசினார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பல மாநிலங்கள் தொடுத்த வழக்கு, ஃப்ளோரிடாவின் பென்சகோலா நகரில் ரோஜர் வின்சன் என்ற நீதிபதியிடம் இருந்தது. இந்த வின்சன் பெரிய வேட்டைக்காரராம். கரடிகளைச் சுட்டு, தலைகளைப் பாடம் செய்து, நீதிமன்ற அறை வாசலுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாராம். குற்றம் சாட்டப்பட்டு உள்ளே வருகிறவனுக்கு அதைப் பார்த்ததும் குலை நடுங்குமாம்.

நல்ல கதை, ஆனால் முழுப் பொய். நீதிபதி கரடி வேட்டைக்குப் போனவரே இல்லை. அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு காமெலியா பூச்செடி வளர்ப்பது. சில நாட்களுக்கு முன்பு யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் வின்சனின் பக்கத்தில் கரடிக் கதையைச் செருகிவிட்டுப் போயிருந்தார். சான்று வேண்டுமே என்று உள்ளூர் நாளிதழ் ஒன்றின் பெயரையும் தேதியையும் அடிக்குறிப்பில் போட்டிருந்தார். தேதி, 2003 ஜூன் 31. ஜூன் மாதத்துக்கு 30 நாள்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு, இதே லிம்பா இதே மாதிரிப் பொய்யால் அடிபட்டிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

சர்ச்சைக்குரிய ஒருவரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதும்போது எது நியாயம், எது துல்லியம் என்ற சண்டை எப்போதும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு, "விக்கியில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்" என்கிறது. மறு தரப்பு, "அது இடதுசாரிகள் கையில் இருக்கிறது" என்கிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் சொல்லும்போது இரண்டுமே வெறும் வசையாகிவிடுகின்றன. லிம்பாவையே உதாரணமாக வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். அவரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் கோடிக்கணக்கில் இருந்ததால், இந்தச் சண்டையின் எல்லா வகைகளையும் அவர் ஒருவரிடமே பார்க்கலாம்.

ஆள் யார்?

1951-இல் மிசூரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ என்ற ஊரில் பிறந்தவர். 1988 ஆகஸ்டில் அவருடைய நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கியது. வார நாட்களில் தினமும் மூன்று மணி நேரம், பெரும்பாலும் அவர் ஒருவரே பேசுவார். பிற்காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதை ஒலிபரப்பின. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களுக்கு அவர் தங்கள் மனத்தில் இருப்பதைப் பேசியவர். எதிர்த்தரப்புக்கு அவர் கறுப்பினத்தவரையும் பெண்களையும் நோயாளிகளையும் இழிவுபடுத்தியே வயிறு வளர்த்தவர். 2021 பிப்ரவரி 17 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி

நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் வந்தால் பையனைப் பற்றி விசாரிப்போம் இல்லையா? அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரிக்கப் போன சித்தப்பா திரும்பி வந்து சொல்கிறார்: "பையன் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். ஒரு தடவை சிக்னலில் நிற்காமல் போய் அபராதம் கட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோடு குழாயடிச் சண்டை." சொன்னது மூன்றும் உண்மை. ஆனால் பையன் அப்புறம் தேறி, பட்டம் வாங்கி, பத்து வருஷமாக நல்ல வேலையில் இருக்கிறான் என்பதைச் சித்தப்பா சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லாமலே பையனுக்கு அநியாயம் நடந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, தரகர் வருகிறார். பையனைப் பற்றி நாலு நல்லது, நாலு கெட்டது என்று தராசில் நிறுத்த மாதிரிச் சொல்கிறார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் நல்லதில் இரண்டு அவரே இட்டுக்கட்டியவை. பையனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதும், காபி அதிகம் குடிப்பதும் அவர் பட்டியலில் ஒரே எடையில் இருக்கின்றன.

சித்தப்பா சொன்னது துல்லியம், ஆனால் நியாயமில்லை. தரகர் சொன்னது நியாயம் போலத் தெரிகிறது, ஆனால் துல்லியமும் இல்லை, உண்மையில் நியாயமும் இல்லை. சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் உண்மையா என்பது ஒரு கேள்வி. சொன்னவை எல்லாம் சேர்ந்து ஆளைச் சரியாகக் காட்டுகின்றனவா என்பது வேறு கேள்வி. கலைக்களஞ்சியச் சண்டைகளில் முக்கால்வாசி, முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாம் கேள்விக்கும் பதிலாக நீட்டுவதால் வருபவை. "நான் எழுதியதில் எது பொய், சொல்லுங்கள்!" என்று ஒருவர் மல்லுக்கு நிற்பார். பொய் எதுவும் இருக்காது. கோளாறு அங்கே இல்லை.

"யார் சொன்னது?"

முதலில் துல்லியத்தைப் பார்ப்போம். இங்கே விக்கிப்பீடியா ஒரு விசித்திரமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. "இது உண்மையா?" என்று அது நேரடியாகக் கேட்பதில்லை. "இதை யார் சொன்னது, வாசகர் போய்ச் சரிபார்க்க முடியுமா?" என்று கேட்கிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் இந்தத் தன்மையை மெய்யறிதன்மை என்கிறார்கள். அதாவது, எழுதியது எதுவானாலும் அதன் பின்னால் வாசகர் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு நம்பகமான வெளியீடு இருக்க வேண்டும்.

ஏன் இப்படி? எழுதுகிறவர் யாரென்றே தெரியாத இடத்தில் அவருடைய சொந்த அறிவை நம்ப முடியாது. நான் லிம்பாவின் பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது? அதனால், எழுதுகிறவரே ஆராய்ந்து கண்டுபிடித்ததற்கும் அங்கே இடமில்லை. லிம்பாவின் நூறு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எத்தனை முறை யாரைத் திட்டினார் என்று நீங்கள் எண்ணி எழுதினால், எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் நீக்கிவிடுவார்கள். அதைச் சொந்த ஆய்வு என்பார்கள்.

இந்த விதி சில நேரம் அபத்தமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தன் நாவல் ஒன்று யாரை வைத்துப் பிறந்தது என்று விக்கிப்பீடியாவில் தவறாக இருப்பதாகத் திருத்தச் சொன்னார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்றார்கள். 2012-இல் அவர் நியூ யார்க்கர் பத்திரிகையின் இணையதளத்தில் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். வெளியானதும் அதுவே சான்றாகிவிட்டது! சிரிப்பு வருகிறது. ஆனால் ஒவ்வொரு பிரபலமும் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்பதாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் விதியின் தேவை புரியும்.

இப்போது லிம்பா அடிபட்ட கதைக்கு வருவோம். 2009 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வாங்க ஒரு குழு முயன்றது. லிம்பா அதில் ஒரு பங்காளி. எதிர்ப்பு கிளம்பியது. அப்போது தொலைக்காட்சிகளிலும் பத்திரிகைகளிலும் அவர் சொன்னதாகச் சில வாசகங்கள் சுற்றின. அவற்றில் ஒன்று, அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கும் பேச்சு. தான் அப்படிச் சொன்னதே இல்லை என்று லிம்பா மறுத்தார். தேடிப் பார்த்தால் எந்த ஒலிப்பதிவும் இல்லை, எந்த நாள் ஒலிபரப்பு என்ற தேதியும் இல்லை. 2006-இல் வந்த ஒரு புத்தகத்திலும், இணைய மேற்கோள் தொகுப்புகளிலும் மூலம் குறிக்கப்படாமல் அது கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை ஒளிபரப்பிய சிஎன்என் தொகுப்பாளர் ரிக் சான்செஸ் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்டவை எப்படி உயிர்வாழ்கின்றன? ஓர் இணையப் பக்கத்தில் யாரோ எழுதுகிறார். அதைப் பார்த்து ஒரு நிருபர் எழுதுகிறார். அந்தச் செய்தியை அடிக்குறிப்பில் போட்டு அதே பக்கத்தை இன்னொருவர் "உறுதி" செய்கிறார். இதை வட்டச் சான்று என்று சொல்லலாம். ராமன் சொன்னதாகச் சோமன் சொன்னான், ராமனைக் கேட்டால் சோமன் சொன்னதாகச் சொல்கிறான். அடியில் ஒன்றுமே கிடையாது.

துல்லியம் என்பது இரு பக்கமும் வெட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போலி வாசகம் அம்பலமானதும் லிம்பாவின் ஆதரவாளர்கள், அவர்மீது சொல்லப்படும் எல்லாமே இப்படித்தான் என்றார்கள். அதுவும் சரியல்ல. 2003 செப்டம்பரில் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சியில், டோனவன் மெக்நாப் என்ற கறுப்பின வீரர் தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறார், கறுப்பர் ஒருவர் நன்றாக ஆட வேண்டும் என்று ஊடகங்கள் ஆசைப்படுவதே காரணம் என்று அவர் பேசியது நாடே பார்த்த ஒளிபரப்பு. சில நாட்களிலேயே அந்த வேலையை விட்டார். அணி வாங்கும் விவகாரத்திலும் அவரை எதிர்த்தவர்கள் இதையெல்லாம் மனத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பொய்யை நீக்குவதால் பக்கத்திலுள்ள உண்மை பொய்யாகிவிடாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: துல்லியத்துக்கான முதல் சல்லடை மெய்யறிதன்மை. அது பொய்யைப் பெருமளவு தடுக்கும். ஆனால் சான்றாகக் காட்டப்படும் வெளியீடே இன்னொருவரைப் பார்த்து எழுதியதாக இருந்தால் சல்லடையில் ஓட்டை.

நடுநிலையும் நடுப்புள்ளியும்

அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். "நடுநிலை" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு தரப்புக்கு நடுவில், இரண்டு பக்கமும் சம தூரத்தில் நிற்பது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்க வானொலிக்கு ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படி ஒரு விதி இருந்தது. 1949 முதல், கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் உரிமம் பெற்ற நிலையங்களைக் கட்டுப்படுத்தியது. சர்ச்சைக்குரிய பொது விஷயத்தைப் பேசினால் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும், ஒருவரைத் தாக்கிப் பேசினால் அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். பென்சில்வேனியாவின் ரெட் லயன் என்ற சிற்றூர் நிலையம் ஒன்றில், பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற மதப் பிரசங்கி 1964-இல் ஃப்ரெட் குக் என்ற எழுத்தாளரைத் தாக்கிப் பேச, குக் இலவசமாகப் பதில் நேரம் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1969-இல் விதி செல்லும் என்று தீர்ப்பானது. 1987-இல் மாற்றுக் கருத்துக்கு இடம் தரச் சொல்லும் விதியை ஆணையமே கைவிட்டது. மறு ஆண்டு லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. விதி இருந்திருந்தால் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஒலிபரப்பியே நிலையங்களுக்குப் பொழுது போயிருக்கும்.

பலர் கலைக்களஞ்சியத்திடமும் இந்த வானொலி விதியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்கிறார்கள். விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்கு அதுவல்ல. நம்பகமான வெளியீடுகள் ஒரு விஷயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கின்றனவோ, அந்த விகிதத்தில் கட்டுரையும் கொடுக்க வேண்டும். தமிழில் இதை உரிய இடம் என்று சொல்லலாம். பத்துப் பேர் பந்தியில் எட்டுப் பேர் ஒன்றைச் சொல்லி, இரண்டு பேர் வேறொன்றைச் சொன்னால், அதை "கருத்து இரண்டாகப் பிளந்திருக்கிறது" என்று எழுதுவது நடுநிலை இல்லை. எட்டை எட்டாகவும் இரண்டை இரண்டாகவும் காட்டுவதே நடுநிலை. எட்டையும் இரண்டையும் ஐந்து ஐந்தாக ஆக்குவது போலிச் சமன்.

உதாரணம் பார்ப்போம். லிம்பா சுருட்டுப் பிரியர். புகைபிடிப்பதன் ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்று வானொலியில் பேசியவர். கட்டுரையில், "புகைபிடிப்பது புற்றுநோய் தரும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள், லிம்பா மறுக்கிறார்" என்று எழுதினால் பார்வைக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் இது ஒரு போலிச் சமன். அவர் அப்படிப் பேசினார் என்பதைப் பதிவு செய்யலாம். மருத்துவத்தையும் அவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சரி, இதே விஷயத்தில் எதிர்ப்பக்கம் வழுக்கவும் வாய்ப்புண்டு. 2020 பிப்ரவரி 3 அன்று தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று லிம்பா அறிவித்தார். அவருடைய பழைய பேச்சையும் இந்த நோயையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்தால் போதும், "நன்றாக வேண்டும்" என்று ஒரு சொல்கூட எழுதாமல் எழுதிவிடலாம். வாக்கியங்களின் வரிசைக்கும் நாக்கு உண்டு. இரண்டையும் இணைத்து வேறு யாராவது நம்பகமான இடத்தில் எழுதியிருந்தால் அதை அவர் பெயரில் சொல்லலாம். இல்லாவிட்டால் அந்த இணைப்பு நம் சொந்தச் சரக்கு.

அடுத்த நாளே, பிப்ரவரி 4 அன்று, நாடாளுமன்ற உரையின் நடுவே டிரம்ப் அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அறிவித்து, அங்கேயே அணிவிக்கச் செய்தார். இது அந்நாட்டுக் குடிமக்களுக்கான மிக உயர்ந்த விருதுகளில் ஒன்று. இதை முதல் பத்தியில் போடுவதா, அடியில் போடுவதா? மெக்நாப் பேச்சை முதல் பத்தியில் போடுவதா? முகப்பில் எது வரும் என்பதுதான் இத்தகைய பக்கங்களில் நீண்டகாலம் ஓயாத சண்டை. பெரும்பாலோர் முதல் பத்தியைத் தாண்டிப் படிப்பதில்லை என்பது சண்டை போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சுருங்கச் சொன்னால், நடுநிலை என்பது விகிதம். அதை அளக்கும் கோல் எழுதுகிறவரின் மனசாட்சி அல்ல, வெளியே இருக்கும் எழுத்துகள்.

ஒரே ஒரு சொல்

2006 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் வட்டாரத்தில் லிம்பா கைது செய்யப்பட்டார். வலிநிவாரணி மருந்துகளுக்கு அடிமையாகிவிட்டதை அவரே 2003-இல் வானொலியில் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொரு மருத்துவரிடமும் மருந்துச்சீட்டு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. தான் குற்றவாளி இல்லை என்று முறையிட்டார். தொடர்ந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் 18 மாதங்களுக்குப் பிறகு வழக்கு கைவிடப்படும், விசாரணைச் செலவுக்காக 30,000 டாலர் கட்ட வேண்டும் என்று அரசுத் தரப்புடன் உடன்பாடு ஆனது.

இதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். "போதைமருந்து வழக்கில் கைதானார்" என்பது உண்மை. அதோடு நிறுத்தினால் வாசகர் சிறையையும் தண்டனையையும் தானாகவே கற்பனை செய்துகொள்வார். "வழக்கு கைவிடப்பட்டது" என்பதும் உண்மை. அதை மட்டும் எழுதினால் ஒன்றுமே நடக்காதது போலாகும். "அபராதம் கட்டினார்" என்று எழுதினால் அது பிழை, தண்டனை இல்லாத இடத்தில் அபராதம் ஏது? துல்லியமாக எழுத மூன்று வாக்கியம் வேண்டும். எதிரிக்கும் அபிமானிக்கும் ஒரே வாக்கியம் போதும்.

பட்டப்பெயர்களின் சங்கதியும் இதுதான். "இனவெறியர்", "பெண் வெறுப்பாளர்", "மக்களின் குரல்" இவையெல்லாம் தீர்ப்புகள். கலைக்களஞ்சியம் தன் குரலில் தீர்ப்பு வழங்கக் கூடாது, யார் அப்படிச் சொன்னார் என்று பெயரோடு எழுத வேண்டும் என்பது பொது வழக்கம். "சிலர் கருதுகிறார்கள்", "பரவலாக விமர்சிக்கப்பட்டார்" போன்ற நழுவல்களும் கூடாது. யார் அந்தச் சிலர்? இதைவிட, நடந்ததைச் சொல்லிவிடுவது மேல். 2012 பிப்ரவரி கடைசியில், கருத்தடைக்குக் காப்பீடு வேண்டும் என்று பேசிய ஜார்ஜ்டவுன் சட்ட மாணவி ஒருவரை லிம்பா வானொலியில் கொச்சையாகத் திட்டினார். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கினார்கள். மார்ச் 3 அன்று மன்னிப்புக் கேட்டார். இதைத் தேதியோடு எழுதிவிட்டால், பட்டம் சூட்டும் வேலையை வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் எல்லாப் பட்டமும் வசை என்று நினைத்துவிடக் கூடாது. அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற இன்னொரு வானொலித் தொகுப்பாளரை எடுத்துக்கொள்வோம். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நடக்கவே இல்லை, நாடகம் என்று ஜோன்ஸ் ஆண்டுக்கணக்கில் பரப்பினார். பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2022 அக்டோபரில் கனெக்டிகட் நடுவர் குழு 965 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. ஆங்கில விக்கிப்பீடியா அவரைச் சதிக் கோட்பாட்டாளர் என்று தன் குரலிலேயே சொல்கிறது. ஜோன்ஸுக்கு அது பிடிக்காது. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிற நம்பகமான வெளியீடுகள் ஏறத்தாழ எல்லாமே அப்படித்தான் அழைக்கும்போது, "சிலர் அவரைச் சதிக் கோட்பாட்டாளர் என்கிறார்கள்" என்று மென்று விழுங்குவதுதான் தவறாகும். லிம்பாவுக்கு ஒரு நியாயம், ஜோன்ஸுக்கு ஒரு நியாயமா என்றால், இல்லை. ஒரே அளவுகோல், வேறு வேறு அளவு.

உயிரோடு இருப்பவர் என்றால்

ஜான் சீகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளர், 1960-களில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். 2005 மே மாதம் அவருடைய பக்கத்தில் யாரோ, ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி இருவர் கொலையிலும் இவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டதாக எழுதிவிட்டார். விளையாட்டுக்காம். நான்கு மாதம் அது அப்படியே இருந்தது. அந்த நவம்பரில் சீகன்தாலர் யுஎஸ்ஏ டுடே நாளிதழில் வெகுண்டு எழுதினார். அதன் பிறகே வாழும் நபர்களைப் பற்றித் தனியான, கடுமையான கொள்கை வந்தது.

அதன் சாரம் எளிது. மற்றப் பக்கங்களில் சான்றில்லாத வரிக்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று ஒரு குறிப்புப் போட்டுக் காத்திருப்பார்கள். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய, சர்ச்சைக்கு இடமான வரியென்றால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே தூக்கிவிடலாம், தூக்க வேண்டும். அது புகழுரையானாலும் சரி. சில காலம் முன்பு இறந்தவர்களுக்கும் இதே கவனம் நீளும். கல்லறை மண் காய்வதற்குள் எழுத வருகிறவர்கள் அதிகம்.

உரையாடல் பக்கத்தில்

விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் "உரையாடல்" என்று ஒரு பக்கமும், "வரலாறு" என்று ஒரு பட்டியலும் உண்டு. முதலாவதில் சண்டை, இரண்டாவதில் யார் எந்த நிமிடம் எதை மாற்றினார் என்ற முழுப் பதிவு. கட்டுரையைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் திறந்து பார்ப்பதே இல்லை என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். கல்யாணத்துக்குப் போய்ச் சமையல்கட்டை எட்டிப் பார்க்காமல் வருகிற மாதிரி.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பதும், அவர் திரும்ப இடுவதும் தொடர்ந்தால் அதைத் தொகுத்தல் போர் என்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் மாற்றங்களை மீளமைத்தால் தடை விழலாம். பிறகு பேசித்தான் ஆக வேண்டும். பேச்சில் வாக்கெடுப்பு கிடையாது. பத்துப் பேர் வந்து "ஆமாம் ஆமாம்" என்றாலும், ஒருவர் கொண்டுவந்த நல்ல சான்று அதைச் சாய்த்துவிடும். குறைந்தபட்சம், சாய்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் பொறுமை அதிகம் உள்ளவர் ஜெயிப்பதையும் பார்க்கலாம்.

தன்னைப் பற்றித் தானே எழுதலாமா? கூடாது என்று அடித்துச் சொல்வதில்லை, வேண்டாம் என்று வலியுறுத்துகிறார்கள். பிழை இருந்தால் உரையாடல் பக்கத்தில் வந்து சொல்லலாம். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தன் பக்கத்தைத் தானே திருத்தி 2005-இல் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அங்கே அடிக்கடி எழும் ஒரு விவாதத்தை மட்டும் சொல்கிறேன். "சர்ச்சைகள்" என்று தனித் தலைப்புப் போட்டு, ஒருவருடைய வில்லங்கங்களை எல்லாம் அதில் கொட்டலாமா? பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்தத் தலைப்பு குப்பைத்தொட்டி மாதிரி. இருந்தால் எல்லோரும் வந்து போட்டுவிட்டுப் போவார்கள். லிம்பா மாதிரி தினமும் மூன்று மணி நேரம் வம்பு பேசியவருக்கு அது மைல் கணக்கில் நீளும். மெக்நாப் பேச்சை அவருடைய தொலைக்காட்சி வேலையைச் சொல்லும் இடத்தில், கைது விவகாரத்தை வாழ்க்கையைச் சொல்லும் இடத்தில் வைத்தால், ஒவ்வொன்றும் தன் அளவில் நிற்கும். அபிமானிகள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. அவர்களில் சிலருக்குத் தனித் தலைப்பே வசதி, அதைத் தாண்டிக் குதித்துப் படிக்கலாம்.

சரிசெய்ய முடியாத ஒரு சாய்வு

விதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பின்பற்றினாலும் தீராத ஒரு சிக்கல் வானொலிக்காரர்களுக்கு உண்டு. அவர்கள் சரக்கு காற்றில் போகிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் என்று முப்பது ஆண்டுக்கு மேல் பேசிய ஒருவரின் பேச்சில் பெரும்பகுதி வழக்கமான அரசியல் கிண்டல், பகடிப் பாட்டு, நேயர்களோடு அரட்டை. அதைப் பற்றி எந்த நாளிதழ் செய்தி போடும்? வாய் தவறிய நாளில்தான் போடும். சான்று இருப்பவற்றை மட்டுமே எழுதலாம் என்ற விதியும், சான்றுகளின் விகிதப்படி எழுத வேண்டும் என்ற விதியும் சேரும்போது, தவறிய நாட்கள் மட்டுமே ஒரு மனிதனின் வாழ்க்கையாகிவிடும். இதில் எந்த விக்கிப்பீடியரின் சூழ்ச்சியும் இல்லை. லிம்பாவின் நேயர்கள் "எங்கள் ஆளைத் தெரியவே தெரியாதவர்கள் எழுதியிருக்கிறார்கள்" என்று பொருமியதில் ஞாயம் இருந்தது. அதை அவர்கள் இடதுசாரிச் சதி என்று சொன்னதில்தான் கோளாறு. மறுதரப்பு இதை ஒப்புக்கொள்ளாது: இத்தனை வாய் தவறியவருக்கு அது தவறல்ல, தொழில் என்பார்கள். அந்த வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு ஓரளவு மருந்து, அன்றாடச் செய்திகளை விட்டுவிட்டு முழு வாழ்க்கையையும் நிதானமாக எடைபோடும் எழுத்துகளைத் தேடுவது. வரலாற்றாசிரியர்கள் அமெரிக்கப் பேச்சு வானொலியைப் பற்றி எழுதியவை சில உண்டு. ஆனால் ஒரு தனி மனிதரைப் பற்றி அப்படிப்பட்ட எழுத்து ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து குவிவது ஒரு சந்தர்ப்பத்தில்தான். 2021 பிப்ரவரி 17-க்குப் பிறகு வந்த இரங்கல் கட்டுரைகள், கேப் ஜிரார்டோவில் தொடங்கி, 1988-இன் ஒலிபரப்பைச் சொல்லி, நுரையீரல் புற்றுநோயில் முடிந்தன. எதற்கு எத்தனை பத்தி என்று அளந்து பார்க்க, லிம்பாவின் பக்கத்தில் சண்டை போட்டவர்களுக்கு அப்போதுதான் கையில் ஒரு நாடா கிடைத்தது.